மூன்றாம் பருவத்தின் வகுப்பறை



பணி ஓய்வு பெற்றவர்களுக்காக இணையத்தில் நடக்கும் உரைகளையும் வகுப்புகளையும் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பதால் ஓர் அறக்கட்டளையிலிருந்தே தொடங்குகிறேன். லண்டனில் தாமஸ் கிரெஷம் என்றொரு பெருவணிகர் இருந்தார். ஆங்கிலேய அரசுக்கு வெளிநாட்டில் கடன் ஏற்பாடு செய்துகொடுத்தவர், ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகக் கூடத்தைக் கட்டியவர். 1579இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற உயிலில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. அந்தக் கூடத்துக் கடைகளின் வாடகையிலிருந்து ஏழு பேராசிரியர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். அவர்கள் கட்டணம் வாங்காமல், யார் வந்தாலும் கேட்கும்படி உரை நிகழ்த்த வேண்டும். கிரெஷமின் மனைவியும் மறைந்த பிறகு 1597இல் உரைகள் தொடங்கின. வானியல், வடிவகணிதம், இசை, சட்டம், மருத்துவம், இறையியல், சொற்கலை என்று வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடம். அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது. சேர்க்கை இல்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை, உரை மட்டும் உண்டு. இப்போது அந்த உரைகளை இணையத்தில் இங்கிருந்தே பார்க்கலாம். கோயில் கடை வாடகைக்கு வழக்காடியே களைத்துப்போன ஊர்க்காரர்கள் நாம். ஓர் அறக்கட்டளை நானூறு ஆண்டுக்கு மேல் உயிரோடிருக்கிறது என்று கேட்டால் பெருமூச்சுதான் வரும்.

ஆனால் அந்தக் கல்லூரியின் கதையில் எனக்குப் பிடித்த இடம் உரை அல்ல. 1660 நவம்பர் 28ஆம் தேதி கிறிஸ்டோபர் ரென் அங்கே உரை நிகழ்த்தினார். பின்னாளில் லண்டனின் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய அதே ரென். அப்போது அங்கே வானியல் பேராசிரியராக இருந்தார். உரை முடிந்ததும் பன்னிரண்டு பேர் கலைந்துபோகாமல் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம். ரென் அன்று என்ன சொன்னார் என்று இன்று யாரும் கேட்பதில்லை. உரைக்குப் பின் நடந்த பேச்சுக்குத்தான் வரலாற்றில் தேதி இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு மணி நேரம் பேச ஒப்புக்கொண்டுவிட்டதால் விரித்துச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் என்ற எண்ணம் 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் செயலுக்கு வந்தது. பியேர் வெல்லாஸ் என்ற சர்வதேசச் சட்டப் பேராசிரியர் தொடங்கியது. 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பின் பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்கள் ஊருக்குக் கதவைத் திறந்தாக வேண்டிய நெருக்கடியில் இருந்தன. வயது வந்தோரின் தொடர்கல்விக்குச் சட்டமும் வந்திருந்தது. வெல்லாஸ் அந்தக் கதவு வழியாக முதியோரை உள்ளே அழைத்தார். ஓய்வு வயதை எட்டியிருக்க வேண்டும், ஒரு படிவம் நிரப்ப வேண்டும், சிறு கட்டணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான் தகுதி. மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளுக்குள் அது பக்கத்து நாடுகளுக்குப் பரவியது. 1975இல் போலந்தின் வார்சாவில்கூட ஒன்று தொடங்கிவிட்டது. இந்தப் பிரெஞ்சு வழியில் பல்கலைக்கழகம் அரங்கையும் பேராசிரியரையும் தருகிறது, முதியவர் வந்து கேட்கிறார். பாடம் உயர்தரமாக இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்பவர் கேட்பவராகவே இருப்பார் என்பதைத் தவிர.

பிரிட்டனுக்குப் போனபோது அதே எண்ணம் வேறு உருவெடுத்தது. காரணமானவர்கள் மூவர்: பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர். இவர்களில் லாஸ்லெட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல ஆசை. நானும் கல்லூரியில் வரலாறு நடத்தியவன், அவரும் வரலாற்றாசிரியர் என்பது ஒரு காரணம். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்காரர். ஜான் லாக் எழுதிய அரசியல் நூலுக்குச் செம்பதிப்புத் தந்தவர். போர்க்காலத்தில் பிளெட்ச்லி பார்க் என்ற சங்கேத உடைப்பு நிலையத்தில் ஜப்பானியக் கடற்படையின் செய்திகளோடு மல்லுக்கட்டியவர். பிறகு அவர் இறங்கிய வேலை பழைய ஊர்களின் குடிப்பட்டியல்களையும் தேவாலயப் பதிவேடுகளையும் எண்ணுவது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் எல்லோரும் தாத்தா பாட்டியோடு பெருங்குடும்பமாக வாழ்ந்தார்கள் என்ற இனிய நம்பிக்கை ஒன்று உண்டு. எண்ணிப் பார்த்தபோது அது நிற்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமே இருந்திருக்கிறார்கள். 1965இல் வெளிவந்த ‘நாம் இழந்த உலகம்’ என்ற அவருடைய நூல் இதைச் சொல்லித்தான் புகழ்பெற்றது.

இப்படி நூற்றாண்டு நூற்றாண்டாகத் தலைகளை எண்ணியவருக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. திரள்திரளான மக்கள், ஓரளவு நல்ல உடம்போடு, வேலையிலிருந்து விடுபட்டுப் பதினைந்து இருபது ஆண்டு வாழ்வது இதற்குமுன் எந்தச் சமூகத்திலும் நடந்ததில்லை. பிரிட்டன் முதன்முதலாக முதியோர் ஓய்வூதியத்தை 1909இல் வழங்கத் தொடங்கியபோது தகுதி வயது 70. அதை எட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். லாஸ்லெட் 1989இல் எழுதிய நூலில் மனித வாழ்வை நான்காகப் பிரித்தார். பிறரைச் சார்ந்து வளர்ந்து படிப்பது முதல் பருவம். வேலை, குடும்பம், பொறுப்பு இரண்டாவது. இவை முடிந்து ஒருவர் தமக்காக வாழக்கூடியது மூன்றாவது. மறுபடியும் பிறரைச் சார்ந்து நிற்கும் தளர்ச்சி நான்காவது. இவற்றில் மூன்றாவதுதான் வரலாற்றுக்குப் புதிது, அதை எப்படி வாழ்வது என்று சொல்லித்தர முன்னோர் யாரும் இல்லை என்பது அவர் கவலை.

இங்கே இன்னொரு செய்தி. 1963இல் இதே லாஸ்லெட்டும் மைக்கேல் யங்கும் சேர்ந்து ‘விடியல் பல்கலைக்கழகம்’ என்று ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். ஆங்கிலியா தொலைக்காட்சியில், மக்கள் வேலைக்குக் கிளம்புமுன், அதிகாலையில் கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் பாடம் சொன்னார்கள். சில நாள் சோதனைதான். ஆனால் ஆறு ஆண்டு கழித்து 1969இல் உருவான பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்சென்ற முயற்சிகளில் அதுவும் ஒன்று. திரை வழியாகப் பாடம் சொல்லும் வித்தையைத் தொடக்கத்திலேயே தொட்டுப் பார்த்தவர் லாஸ்லெட். அப்படிப்பட்டவர் 1981இல் முதியோருக்காகத் திட்டம் தீட்டியபோது திரையையும் நாடவில்லை, பிரெஞ்சுக்காரர்களைப் போலப் பல்கலைக்கழகத்தையும் நாடவில்லை. தாட்சர் அரசு பல்கலைக்கழகங்களின் நிதியை வெட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. ஆனால் பணமில்லாமை மட்டும் காரணம் அல்ல என்பது அவர் வகுத்த கொள்கைகளைப் படித்தால் தெரியும். கற்பிப்பவர் கற்கவும் வேண்டும், கற்பவர் கற்பிக்கவும் வேண்டும் என்பது அவற்றின் மையம். சேர்வதற்குப் படிப்புத் தகுதி கிடையாது. சான்றிதழும் கிடையாது. சொல்லித்தருபவருக்குச் சம்பளமும் கிடையாது.

நடைமுறை எளிது. ஓர் ஊரில் நூறு இருநூறு பேர் சேர்ந்து ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். அதற்குள் விருப்பப்படி சிறு குழுக்கள். நிலவியல் குழு ஒன்று, லத்தீன் குழு ஒன்று, குடும்ப வரலாறு தேடும் குழு ஒன்று, பறவை பார்க்கும் குழு ஒன்று. ஒவ்வொன்றையும் உறுப்பினர் ஒருவர் ஒருங்கிணைப்பார். பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். தேநீர்க் காசு தட்டில் போடுவார்கள். சுரங்கப் பொறியாளராக இருந்தவர் பாறை பற்றிச் சொல்வார், அடுத்த வாரம் அவரே ஒரு பள்ளி ஆசிரியையிடம் இத்தாலிய மொழி கற்க உட்கார்ந்திருப்பார். 2020இல் பெருந்தொற்று வந்த சமயத்தில் பிரிட்டனில் இப்படிப்பட்ட கிளைகள் ஆயிரத்துக்கு மேல், உறுப்பினர்கள் நான்கு லட்சத்துக்கு மேல். அரசு நிதி இல்லாமல், பல்கலைக்கழகத்தின் தயவு இல்லாமல் வளர்ந்த எண்ணிக்கை இது.

குறைகளும் உண்டு. உறுப்பினர்களில் பெண்களே அதிகம். நடுத்தர வகுப்பினர் அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மிக அதிகம். ஆலைத் தொழிலாளியாக ஓய்வுபெற்ற ஒருவர், வீட்டு முன்னறையில் இலக்கியம் பேசும் கூட்டத்தில் கூச்சமில்லாமல் உட்கார்வது எந்த நாட்டிலும் எளிதல்ல. ஆனால் இதைவிடப் பெரிய குறை லாஸ்லெட் வரைந்த வரைபடத்திலேயே இருக்கிறது. மூன்றாம் பருவத்தை உற்சாகமாக வரைந்தவர், நான்காம் பருவத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார். மூட்டுவலியில் படியிறங்க முடியாதவர், படுக்கையில் கிடக்கும் கணவரை விட்டு அரைமணி நேரம் நகர முடியாத மனைவி, பேருந்து போகாத ஊரில் இருப்பவர், இவர்கள் யாரும் அந்த முன்னறைக்கு வர முடியாது. வர முடிந்தவர்களுக்கான பல்கலைக்கழகம் அது.

திரை உண்மையிலேயே தேவைப்பட்ட இடம் இதுதான். தேவையை முதலில் கண்டுகொண்டது ஆஸ்திரேலியா. அந்த நாட்டின் தொலைவுகள் நமக்குக் கற்பனைக்கே எட்டாதவை. மெல்போர்னில் 1984இல் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது. ஆனால் உள்நாட்டில் அடுத்த வீட்டுக்கே பல மைல் போக வேண்டியவருக்கு மெல்போர்ன் கூட்டத்தால் என்ன பயன்? பிரிஸ்பேனின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிக் ஸ்விண்டெல் என்பவரும் சில தன்னார்வலர்களும் 1990களின் கடைசியில் இணையவழி மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் ஒன்றை அமைத்தார்கள். 1999ஐ ஐக்கிய நாடுகள் அவை சர்வதேச முதியோர் ஆண்டாக அறிவித்திருந்த சமயம். தொலைவால், உடல்நலத்தால், பிறரைப் பராமரிக்கும் பொறுப்பால் வீட்டோடு கட்டுண்டவர்களே அதன் முதல் இலக்கு. தொலைபேசிக் கம்பியில் மோடம் கூவி இணைந்த காலம், காணொளி கனவு. பாடங்கள் எழுத்தில் இருந்தன. அந்தந்தத் துறையில் ஓய்வுபெற்றவர்களே எழுதினார்கள், ஒரு தன்னார்வலர் மின்னஞ்சலில் வழிநடத்தினார், படிப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள்.

இருபது ஆண்டு கழித்துக் கையில் கிடைத்த கருவிகளோடு ஒப்பிட்டால் அது மிகவும் எளிய ஏற்பாடு. ஆனாலும் ஒரு விஷயத்தில் அதுதான் முன்னே நின்றது என்பது என் கருத்து. மின்னஞ்சலில் யாரும் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது. எழுதினால்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். காது மந்தமானவரும் பேச்சு குழறியவரும் மற்றவர்களுக்குச் சமமாக எழுதினார்கள். மெதுவாக யோசிப்பவருக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைத்தது. இன்று அதிவேக இணைப்பில் முந்நூறு பேரைக் கூட்டி ஒருவரைப் பேசவிட்டு, மற்ற எல்லோருடைய மைக்கையும் நிறுத்திவைத்து, அதைக் கற்றல் நிகழ்வு என்கிறோம்.

2020 மார்ச்சுக்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். முன்னறைகள் பூட்டப்பட்டன. எழுபது எண்பது வயதுக்காரர்கள் பேரப்பிள்ளைகளிடம் கேட்டு, சிலர் கேட்க வெட்கப்பட்டுத் தாமாகவே தடவித் தடவி, ஜூமுக்குள் நுழைந்தார்கள். பிரிட்டனில் அந்த ஆண்டே எந்த ஊருக்கும் சொந்தமில்லாத, இணையத்தில் மட்டும் இயங்கும் கிளை ஒன்று தொடங்கப்பட்டது. டிரஸ்ட் யூ3ஏ என்று பெயர்; யூ3ஏ என்பது மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் சேரலாம். நம் பக்கத்திலும் இலக்கியக் கூட்டங்கள் திரைக்கு வந்தன. திருநெல்வேலியில் ஒருவர் பேச, டொரன்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் கேட்டார்கள். நல்ல காலம் என்றுகூடச் சொல்லலாம், அந்தத் துயரத்தை மறந்துவிட்டால்.

ஆனால் நம் கூட்டங்கள் துலூஸ் வழியில் போயின, லாஸ்லெட்டின் கேம்பிரிட்ஜ் வழியில் அல்ல. புகழ்பெற்ற ஒருவர், வரவேற்புரை, அறிமுகவுரை, சிறப்புரை, நேரம் இருந்தால் இரண்டு கேள்வி, நன்றியுரை. அரங்கக் கூட்டத்தின் குறைகளை எல்லாம் அப்படியே தூக்கிக்கொண்டு திரைக்குள் போய்விட்டோம். அரங்கக் கூட்டத்தின் நல்லதை, அதாவது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே நடக்கும் அந்தப் பத்து நிமிடப் பேச்சை, வெளியே விட்டுவிட்டோம். திரையில் நன்றியுரை முடிந்த அடுத்த நொடி எல்லோரும் மறைந்துபோகிறார்கள். ரென்னின் உரையை இணையத்தில் நடத்தியிருந்தால் ராயல் சொசைட்டி பிறந்திருக்காது என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

வயதானவர்களுக்குத் திரை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கலாம். முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதி ஒலிகளை. மெய்யெழுத்துகள் பலவற்றின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால் சத்தம் கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. இதற்கு ஒலியைக் கூட்டுவது மருந்தல்ல. பேசுபவரின் உதடு தெரிய வேண்டும். அந்த வகையில் திரை அரங்கத்தைவிட மேல். பத்தாவது வரிசையில் உட்கார்ந்து மேடையில் ஒரு பொட்டாகத் தெரியும் பேச்சாளரைப் பார்ப்பதற்குப் பதில், ஒரு முழம் தொலைவில் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் பேச்சாளர் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கருத்துவிடும், உதடு தெரியாது, அந்த நன்மை போய்விடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மென்பொருள் ஒருவர் குரலை அமுக்கிவிடும். வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசி நால்வரும் புரிந்துகொள்ளும் நம் வழக்கம் அங்கே செல்லாது.

பாட்டு இன்னும் மோசம். பின்னணி இரைச்சலை வடிகட்டும் ஏற்பாடு மின்விசிறி ஓசையைப் போலவே சுருதிப்பெட்டியையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். அம்மா ஒருவர் கண்ணை மூடி ஆலாபனை செய்கிறார், எதிரே இருப்பவர்களுக்குக் குரல் விட்டுவிட்டு வருகிறது. அசல் ஒலியை அப்படியே அனுப்பும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது, ஒரு பொத்தான்தான். யாராவது காட்டித்தர வேண்டும். சேர்ந்து பாடுவதோ ஆகவே ஆகாது. ஒலி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு தாமதத்தில் போய்ச் சேருகிறது. பஜனைக் குழு நடத்திய நண்பர்கள் எல்லோரையும் ஊமையாக்கிவிட்டு ஒருவரைப் பாடவைத்தார்கள். மற்றவர்கள் அவரவர் வீட்டில் பாடிக்கொண்டார்கள். அதிலும் ஓர் ஆறுதல் இருந்தது என்கிறார்கள்.

கட்டணமில்லாத ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது வரம். எந்த அவைத்தலைவராலும் நிறுத்த முடியாத பேச்சாளர்களை அது நிறுத்தியிருக்கிறது. இணைப்பு முகவரி வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோவதுதான் உண்மையான தொல்லை. கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு அதை மறுபடியும் அனுப்ப ஒருவர் வேண்டும்.

கேம்பிரிட்ஜ் வழி நம்மிடம் சாத்தியமா என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் சேர்ந்திருக்கும் சிறிய குழு ஒன்றில், பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருப்பார் ஒருவர். ரயில்வே தபால் பிரிவில், அதாவது ஆர்.எம்.எஸ்ஸில், கடிதம் பிரிப்பவராக இருந்து ஓய்வுபெற்றவர். பேச அழைத்தால் “எனக்கென்ன சார் தெரியும்” என்பார். ஒருநாள் பேச வேண்டியவர் வரவில்லை. நீங்கள் வேலையில் என்ன செய்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றோம். ஓடும் ரயிலில், இரவு முழுக்க நின்றபடி, அறை அறையாகத் தடுத்த பலகையடுக்கில் கடிதங்களை எப்படி எறிந்தார்கள் என்று சொன்னார். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்ததற்கு முன்பு ஒரே பெயரில் இருக்கும் ஊர்களைப் பிரிப்பதற்கு என்ன பாடுபட்டார்கள் என்று மூத்தவர்கள் தமக்குச் சொன்னதைச் சொன்னார். ஆறு இலக்கத்தில் முதல் இலக்கம் நாட்டை மண்டலமாகப் பிரிக்கும், முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு அலுவலகம் வரை கொண்டுவிடும், கடைசி மூன்று தபால் நிலையத்தைக் காட்டும் என்றார். திரையில் இருந்த எல்லோரும் அவரவர் பின்கோட்டை உரக்கச் சொல்லிப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அன்று மைக்கை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கூச்சலில் பாதி விளங்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் பேசாமல் இருந்ததில்லை. மற்றவர்களும் துணிந்தார்கள். மின்வாரியத்தில் இருந்தவர், மகப்பேறு மருத்துவமனைச் செவிலியராக இருந்தவர், நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். இவர்களில் யாரையும் எந்த அறக்கட்டளையும் சிறப்புரைக்கு அழைக்காது. இவர்கள் சொன்னவை எந்த நூலிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இதோடு சேர்த்து ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். முதியோருக்கென்று இணையத்தில் அறிவிக்கப்படும் நிகழ்ச்சிகளின் தலைப்புகளைப் பாருங்கள். சர்க்கரை நோய், முழங்கால், மறதி, உயில் எழுதுவது, மன அமைதி. இவை தேவையில்லை என்று யார் சொல்வார்? ஆனால் அறுபது தாண்டியவுடன் ஒரு மனிதர் நோயாளியாகவும் சொத்துரிமையாளராகவும் மட்டும் சுருங்கிவிடுகிறாரா? மத்திய அரசு 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஓய்வூதியர் விரல்ரேகை வைத்து, இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியும், வாழ்வுச் சான்று கொடுக்கலாம். வங்கி வரிசையில் நின்றவர்களுக்குப் பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனாலும் அரசு இணையம் வழியே ஆண்டுக்கொரு முறை தவறாமல் தம்மிடம் கேட்கும் ஒரே கேள்வி “உயிரோடு இருக்கிறீர்களா?” என்பதுதான் என்று ஒரு நண்பர் சொன்னார். நீங்கள் என்ன படிக்கிறீர்கள், என்ன சொல்லித்தருவீர்கள் என்று கேட்கும் அரசுகளும் உண்டு. சிங்கப்பூர் 2016இல் தேசிய முதியோர் கழகம் ஒன்றை அமைத்து, ஐம்பது வயது கடந்தவர்களைப் பல்கலைக்கழக வகுப்புகளிலும் சமூக அமைப்புகள் நடத்தும் பாடங்களிலும் மானியக் கட்டணத்தில் உட்காரவைத்தது. அமெரிக்காவில் பெர்னார்ட் ஓஷர் என்ற செல்வந்தரின் அறக்கட்டளை 2001இலிருந்து பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுத்து, ஐம்பது கடந்தவர்களுக்கான கல்வி நிலையங்களை நூற்றுக்கு மேல் நடத்தவைத்திருக்கிறது. இவற்றிலும் துலூஸ் வாசனை கொஞ்சம் அடிக்கும்தான். ஆனால் அங்கே பாடப் பட்டியலில் ஓபராவும் வானியலும் இருக்கின்றன, முழங்கால் மட்டும் இல்லை.

பயத்தைப் பற்றியும் பேசாமல் முடியாது. காவல் துறையிலிருந்து பேசுகிறோம், உங்களைக் கைது செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகராதீர்கள் என்று மிரட்டி முதியவர்களின் சேமிப்பைச் சுருட்டும் கும்பல்களைப் பற்றி நாள்தோறும் செய்தி வருகிறது. அதனால் பிள்ளைகள், தெரியாத இணைப்பு எதையும் தொடாதே என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் எல்லா இணைப்பும் தெரியாத இணைப்பாகவே இருந்தால் வகுப்புக்கு எப்படி வருவது? ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இணைப்பு, தெரிந்த ஒருவர் அனுப்புவது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போகும். வாராவாரம் தொலைபேசியில் பேசும் பத்துப் பேர் கொண்ட குழு இருந்தால் மீதிப் பாதியும் குறையும். மிரட்டல் அழைப்பு வந்தவுடன், இது உண்மையா என்று கேட்க ஒரு குரல் இருக்கும். மோசடிக்காரன் முதலில் செய்வது ஆளைத் தனிமைப்படுத்துவதுதான்.

ஆக, நூறு பேர் கேட்கும் பேருரைகளுக்கு நான் எதிரி அல்ல. அவற்றுக்குப் பதிவு போதும். கிரெஷம் கல்லூரி உரைகளை இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராதபோது பார்க்கலாம். நேரலை என்று ஒன்று நடத்துவதானால் அது பேசுவதற்காக நடக்கட்டும். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். முப்பது பேர் வந்தால் மூன்றாகப் பிரியட்டும். சொல்லித்தரும் முறை சுற்றிவரட்டும். சொல்ல மாட்டேன் என்பவரை வற்புறுத்த வேண்டாம். ஆனால் அவரிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள். படுக்கையில் இருப்பவர் கேமராவை மூடிவைத்துக் குரலோடு மட்டும் இருக்க விரும்பினால் இருக்கட்டும். மதிய உணவுக்குப் பிந்தைய நேரம் வேண்டாம், எனக்கே தூக்கம் வரும்.

கடைசியாக அறங்காவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய குழுக்கள் இரண்டாம் மாதம் கலைந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் பேச்சாளர் கிடைக்காமை அல்ல. இணைப்பை அனுப்ப, உள்ளே வரத் தெரியாமல் தவிப்பவரைத் தொலைபேசியில் அழைத்து இடது மூலையில் இருப்பதைத் தொடுங்கள் என்று சொல்ல, ஒலி வராதவருக்கு ஒலியைத் திறந்துவிட, சென்ற வாரம் வராதவரை ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஓர் ஆள் இல்லாததுதான். இந்த வேலையை ஓய்வுபெற்றவர்களிலேயே ஒருவர் சும்மா செய்வார் என்று நினைக்கிறோம். ஒருவர் செய்கிறார், ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பேராசிரியரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, பயணச் செலவும் தங்குமிடமும் தந்து, உரையை அச்சிட்டு வழங்க ஆகும் செலவு எனக்குத் தெரியும், சென்ற வாரம் செயலாளரிடம் கேட்டேன். அதே தொகைக்குக் கல்லூரி மாணவி ஒருவரை மாதம் சில மணி நேரம் என்று ஓராண்டு முழுக்க அமர்த்தலாம். கணினி படித்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே விஷயத்தை நான்காவது முறை கேட்டாலும் குரல் மாறாமல் சொல்லக்கூடியவராக இருந்தால் போதும். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவைப் பதிவாக இணையத்தில் போட்டுவிடலாம், பேச்சாளர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.